பிள்ளைகள் பேச்சில் ‘பாட்டி’ ஏன் ‘பாடி’ ஆகிறது?

கேள்வி: வாசல்மரம்

வணக்கம். என் மகளுக்கு வயது 14, மகனுக்கு 8. இருவரும் ஆங்கிலம் வழங்கும் நாட்டிலேயே பிறந்து வளர்கிறார்கள். வீட்டில் நானும் கணவரும் தமிழ்தான் பேசுகிறோம். பிள்ளைகளும் எங்களுக்குத் தமிழில்தான் பதில் சொல்வார்கள். தங்களுக்குள் மட்டும் ஆங்கிலம். ஆகவே தமிழ் தெரியாத பிள்ளைகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வாக்கியம் குலைவதில்லை, வேற்றுமை உருபுகள் தடுமாறுவதில்லை. கோபம் வந்தால் பெரியவள் எனக்கே தமிழில் நியாயம் சொல்லித் தருகிறாள்.

சிக்கல் ஒலியில்தான். மகள் மூன்று வயதில் பேசிய வீடியோக்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ‘பாட்டி’ என்றால் பாட்டிதான்; டகரம் இரண்டும் கணீரென்று நிற்கின்றன. இப்போது அவள் சொல்வது பாட்டிக்கும் பாடிக்கும் நடுவே எங்கோ கிடக்கிறது. ‘காலை’ என்று தொடங்கினால் ககரத்தோடு ஒரு மூச்சுக்காற்றும் சேர்ந்து வெளியே வருகிறது. ‘ஓடு’ என்பதில் ஓகாரம் கடைசியில் உகரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. ‘மரம்’ ஏறக்குறைய ‘மழம்’. சின்னவனிடம் இதெல்லாம் இன்னும் கூடுதல். அக்கா அந்த வயதில் இந்த அளவு மாறியிருக்கவில்லை.

போனில் கேட்கும் என் அம்மா சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறார். தம்பி விடுவதில்லை. ‘பிள்ளைகளை விடு அக்கா, உன் பேச்சே மாறிவிட்டது’ என்கிறான். நான் கல்லூரிப் படிப்பெல்லாம் முடித்து, திருமணமாகி இங்கே வந்தவள். நாக்கு படிந்த பிறகு நாடு மாறிய எனக்கும் இப்படி நேருமா?

இன்னொன்று. மகளுக்கு ழகரம் பிசிறில்லாமல் வருகிறது. எங்கள் உறவில் பலருக்கு அவ்வளவு சுத்தமாக வராது. அவளிடம் போனது சாதாரண ரகரம். கடினம் என்று எல்லோரும் சொல்லும் எழுத்து தங்கிவிட்டு, யாரும் கவலைப்படாத எழுத்து கைவிட்டுப் போவது எப்படி? ஒலியியல் தெரிந்தவர்கள் யாராவது விளக்குவீர்களா? ‘கண்டித்து வளருங்கள்’ என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது நிறையக் கிடைத்துவிட்டது.

பதில்: நுனிநா

பேச்சொலிகளை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பிறர் உச்சரிப்பை மில்லி வினாடிக் கணக்கில் வெட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கும் விடை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

தமிழ் ரகரத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நுனிநாக்கு மேல் பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டை ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகும். ழகரத்தில் அந்தத் தட்டு இல்லை. நாக்கு மேல்நோக்கி வளைந்து, அண்ணத்தை நெருங்கி, தொடாமலே நிற்கும். இப்போது வட அமெரிக்கர் ஒருவர் ‘ரெட்’, ‘ரன்’ என்று சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கும் நாக்கு எதையும் தொடுவதில்லை. எழுத்தில் அது ரகரத்துக்கு இணை. வாயில் அது ழகரத்துக்குத்தான் பக்கத்து வீடு. பள்ளியில் நாள் முழுதும் அந்த ஒலியைச் சொல்லும் பெண்ணுக்கு ழகரம் வராமல் எப்படிப் போகும்? ‘மரம்’ சொல்லும்போது அவள் ஆங்கில ரகரத்தை எடுத்து வைக்கிறாள். நம் காதில் அது ழகரமாக விழுகிறது.

வேடிக்கை என்னவென்றால், நம் ரகரமும் அவளிடம் பத்திரமாக இருக்கலாம். அமெரிக்கர்கள் ‘வாட்டர்’, ‘பெட்டர்’ என்று சொல்லும்போது நடுவில் வரும் ஒலியைக் கவனியுங்கள். நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுகிறது. ஏறக்குறைய ‘மரம்’ என்பதன் ரகரமே அது. ஆனால் ஆங்கிலத்தில் அதன் பெயர் ரகரம் இல்லை என்பதால் அவளுக்கு அதை இங்கே கொண்டுவரத் தோன்றுவதில்லை. (நீங்கள் இருப்பது எந்த நாடு என்று சொல்லவில்லை. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்றால் இந்தத் தட்டு பேச்சில் சாதாரணம். தென் இங்கிலாந்து என்றால் அவ்வளவாகக் கிடைக்காது.)

ஆக, அவள் நாக்குக்குத் திறமை குறையவில்லை. இரண்டு மொழிகளை ஒரே தலையில் வைத்திருப்பவர் மனம் ஓயாமல் இணை சேர்த்துக்கொண்டே இருக்கும்: இந்த மொழியின் இது, அந்த மொழியின் அதுதானே என்று. ஜேம்ஸ் ஃபிளெகே என்ற ஆய்வாளர் 1987இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. பிரெஞ்சில் ஆங்கில ஊகாரத்தைப் போன்ற ஓர் உயிர் உண்டு. ஆங்கிலத்தில் அடியோடு இல்லாத இன்னோர் உயிரும் உண்டு; உதட்டைக் குவித்துக்கொண்டு ஈகாரம் சொன்னால் வரும். பிரெஞ்சில் நல்ல பழக்கம் உள்ள அமெரிக்கப் பெண்கள் எதில் தடுமாறினார்கள் தெரியுமா? பழகிய ஊகாரத்தில். புதிய ஒலியைப் பிரெஞ்சுக்காரர்களைப் போலவே சொன்னார்கள். அடியோடு புதியதை மனம் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறது. ‘இதுதானே அது’ என்று தோன்றுவதைத்தான் கலந்துவிடுகிறது.

ககரத்தோடு வரும் மூச்சும் இதே கதை. உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்துக்கொண்டு ‘காலை’ என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், பிறகு ஓர் ஆங்கிலேயரை ‘கார்’ என்று சொல்லச் சொல்லுங்கள். உங்கள் கையில் ஒன்றும் படாது. அவர் கையில் காற்று மோதும். வாயில் காற்றை நிறுத்திய அடைப்பு திறந்த கணத்துக்கும் தொண்டையில் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையிலான நேரம் தமிழில் மிகக் குறைவு. லீ லிஸ்கர், ஆர்தர் ஆப்ராம்சன் இருவரும் 1964இல் 11 மொழிகளில் இதை அளந்து வெளியிட்டார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. சொல்லின் முதலில் வரும் பகர, தகர, ககரங்களுக்குத் தமிழில் கிடைத்த சராசரி முறையே 12, 8, 24 மில்லி வினாடி. ஆங்கிலத்தில் அதற்கு இணையான ஒலிகளுக்கு 58, 70, 80. இருமொழிப் பிள்ளைகளின் அளவு பல நேரங்களில் இந்த இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கும். உங்கள் காதில் அது ‘வெள்ளைக்காரத் தமிழ்’ என்று விழும். ஆங்கிலேயர் காதிலோ இன்னும் தமிழாகவே இருக்கும்.

பாட்டி பாடியாவதற்குக் காரணம் வேறு. ஒரு சொல்லுக்குள் மெய்யை இரட்டித்து நிறுத்தும் வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை. எழுத்தில் இரண்டு போடுவார்கள், வாய் ஒன்றைத்தான் சொல்லும். தமிழிலோ எடு, எட்டு; படம், பட்டம்; கனம், கன்னம் என்று அந்த நீளத்தை நம்பியே எத்தனையோ சொற்கள் நிற்கின்றன. ஒற்றை டகரத்தைவிட இரட்டை டகரத்தில் நாக்கு மேலே ஒட்டியிருக்கும் நேரம் மிக அதிகம். அந்த நேரம் சுருங்கும்போது இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன.

சின்னவன் ஏன் இன்னும் மாறியிருக்கிறான் என்றால், பெரியவள் பள்ளிக்குப் போகும்வரை வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டாள். சின்னவன் பிறந்தபோது வீட்டுக்குள் ஏற்கெனவே ஆங்கிலம் பேசும் ஒருத்தி இருந்தாள்: அவன் அக்கா.

கடைசியாக உங்கள் தம்பி. அவர் சொல்வது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. பிரேசிலில் இருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்த ஒரு மாணவியின் பேச்சை மிஷல் சான்சியர், கேரல் ஃபௌலர் இருவரும் 1997இல் அளந்தார்கள். அமெரிக்காவில் சில மாதங்கள் தங்கியபின் அவருடைய போர்த்துகீசியத்திலும் மூச்சு கூடியிருந்தது. பிரேசில் போய்த் திரும்பியதும் இரு மொழிகளிலும் குறைந்திருந்தது. கொரியாவில் ஆறு வாரத் தொடக்க வகுப்பில் சேர்ந்த அமெரிக்கர்களின் ஆங்கிலமே நகர்ந்ததை சார்ல்ஸ் சாங் 2012இல் காட்டினார். வளர்ந்தவர் நாக்கு இறுகிப்போய்விடுகிறது என்ற எண்ணத்தை இந்த இரண்டும் நன்றாக ஆட்டிவைத்துவிட்டன. உங்கள் பேச்சு நகர்ந்திருந்தால் நீண்ட விடுமுறையில் ஊருக்குப் போய் வரும்போது கொஞ்சம் திரும்பவும் கூடும். தம்பியிடம் அதையும் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

அளவுகளும் வெளிநாட்டுப் பெயர்களும் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் 30 ஆண்டு வகுப்பில் நின்றவன். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: திருத்துவதற்கு ஆளில்லை. பிள்ளை தவறாகச் சொன்னவுடன் நிறுத்தி, சரியாக வரும்வரை சொல்ல வைத்தால் எந்த ஒலியும் போகாது. லகர, ளகர, ழகர வேறுபாட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் ‘பிள்ளை தமிழ் பேசுகிறான்’ என்று மகிழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிறமொழி உறவால் ஒலி கெடுவதை அறிவியல் என்று பெயரிட்டு ஏற்றுக்கொள்வதும் அப்படியே.

பதில்: சனிக்கிழமை வகுப்பு

நான் அந்த 14 வயதுப் பெண்ணின் இடத்தில் இருந்தவள். இப்போது வயது 33. எங்கள் வீடு யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வீடு.

ஐயா சொன்ன முறையை என்மேல் முழுமையாகச் செய்து பார்த்தார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ‘பள்ளி’ என்று சொல்ல எழுப்பி நிறுத்துவார்கள். எனக்கு ளகரம் வராது, லகரமாகிவிடும். என் காதுக்கு அது தெரியும் என்பதுதான் கொடுமை. பக்கத்துப் பையன் லகரம் போட்டால் உடனே கண்டுபிடித்துவிடுவேன்; என் வாய் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காது. மொத்த வகுப்பும் காத்திருக்க, நான் ‘பல்லி, பல்லி’ என்று சுவரில் ஊர்வதையே அழைத்துக்கொண்டிருப்பேன்.

அதனால் நான் கற்றுக்கொண்டது ளகரம் இல்லை. ளகரம் இல்லாத சொற்களைத் தேடுவது. ‘நாளை’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் கிழமையின் பெயரைச் சொல்வேன், அதிலும் வெள்ளி வராமல் பார்த்துக்கொள்வேன். ‘உள்ளே’ வேண்டாம், ‘அறையில்’ போதும். ‘அவர்கள்’ என்று வந்தால் வாக்கியத்தையே மாற்றி ஒருவரை மட்டும் பேசுவேன். தமிழில் பன்மைக்கே ளகரம் வேண்டும் என்பதால் என் தமிழ் ஒருமையிலேயே ஓடியது. 16 வயதுக்குள் உறவினர்களிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். ‘தமிழ் மறந்துவிட்டாள்’ என்றார்கள். எதுவும் மறக்கவில்லை.

நுனிநா அவர்களுக்கு ஒரு கேள்வியும் இருக்கிறது. அதே வகுப்பில் ‘காற்று’ என்ற சொல்லை நான் சொன்னால் அப்பப்பா (அப்பாவின் அப்பா) பூரித்துப்போவார், தமிழ்நாட்டில் இருந்து வந்த ஆசிரியைக்கோ அது பிழை. ‘ஆங்கில டகரத்தைப் போடாதே’ என்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? அவர் ‘டொராண்டோ’ என்று எழுதுவார், நாங்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவோம். இரண்டு பக்கமும் மற்றவரைப் பார்த்துச் சிரிப்போம்.

பதில்: நுனிநா

‘சனிக்கிழமை வகுப்பு’க்கு முதலில். உங்கள் அப்பப்பா பூரித்ததில் நியாயம் இருக்கிறது. பல்லில் ஒட்டும் தகரம், வளைநாவில் பிறக்கும் டகரம், இரண்டுக்கும் நடுவே மேல் பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் அடைக்கும் றகரம் என்று பழைய தமிழில் மூன்று இருந்தன. இரட்டை றகரத்தை அப்படி அடைத்துத் திறக்கும் ஒலியாகவே யாழ்ப்பாணப் பேச்சு இன்றும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் அது ‘காத்து’ ஆகிவிட்டது. எழுத்தைப் பார்த்துப் படிக்கும்போது ஓர் அதிர்வோடு சொல்வார்கள். ஆங்கில டகரம் பிறக்கும் இடமும் ஏறக்குறைய அந்த மேடுதான். உங்கள் வீட்டார் அந்த ஆங்கில ஒலியைக் கேட்டதும் றகரம் என்று இனம் கண்டார்கள். தமிழ்நாட்டார் அந்த இடம் காலியாக இருந்ததால் டகரத்தோடு சேர்த்தார்கள். ரொறன்ரோவும் டொராண்டோவும் அப்படிப் பிரிந்தவை. ஆகவே ஒரே ஆங்கிலத்தோடு உறவாடினாலும் யாழ்ப்பாணத்து வீட்டுப் பிள்ளைக்கும் தஞ்சாவூர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே ஒலி போவதில்லை. ‘ஆங்கில டகரம்’ என்று அந்த ஆசிரியை உங்களிடம் குறைகண்டது, உங்கள் வீட்டு மரபு இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஓர் ஒலியில்.

ஆசிரியர் ஐயாவுக்கு. உங்கள் 30 ஆண்டின்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் காரணம் திருத்தாமை மட்டும் என்றால் இதற்கு விடை சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் தென்பகுதியில் பலர் பேச்சில் பழம் ‘பளம்’ ஆகிறது. சென்னைப் பேச்சில் அது ‘பயம்’ ஆவதை நகைச்சுவைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரம் ளகரமாகிறது. இவர்கள் யாருக்கும் பிற மொழி காரணம் இல்லை. எல்லோரும் தமிழ்ப் பள்ளியில் திருத்தப்பட்டவர்கள்தான்.

பிறமொழி உறவையும் கெடுதல் என்று ஒரே சொல்லில் அடக்க முடியவில்லை. டகரமும் ரகரமும் லகரமும் சொல்லின் முதலில் வரக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. இன்று டீ, ரயில், லாரி என்று விதியின்மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறோம், நாக்கில் ஒரு தயக்கமும் இல்லை. ‘பஸ்’ என்பதன் முதல் ஒலியையும் ‘பல்’ என்பதன் முதல் ஒலியையும் தமிழ்நாட்டில் சிறுபிள்ளைகள்கூடப் பிரித்துச் சொல்கிறார்கள். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. நாடு கடக்காதவர்களுக்கும் நடந்துகொண்டிருப்பதுதான் இது. அங்கே மெதுவாக, நாடு கடந்த வீடுகளில் இரண்டு தலைமுறைக்குள்.

எல்லா மொழியும் ஒரேபோல நகர்வதும் இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நவோமி நாகி, அலெக்ஸி கோச்செடோவ் இருவரும் அந்நகரில் வாழும் ரஷ்ய, உக்ரைனிய, இத்தாலியக் குடும்பங்களைத் தலைமுறை வாரியாக அளந்து 2013இல் எழுதினார்கள். ரஷ்யத்திலும் உக்ரைனியத்திலும் அந்த மூச்சு நேரம் தலைமுறைதோறும் ஆங்கிலத்தை நோக்கி நகர்ந்தது. இத்தாலியத்தில் அந்த நகர்வு தெரியவில்லை. மூன்றிலும் சுற்றியிருப்பது அதே ஆங்கிலம்தான்.

பதில்: மூன்று நாட்டு மாமா

நுனிநா சொல்வதற்கு எங்கள் குடும்பமே சாட்சி. தங்கை பாரிசில், அண்ணன் ஓஸ்லோவில், நான் லண்டனில். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரு திருமணத்தில் சந்தித்தபோது கண்ணை மூடிக்கொண்டு யார் எந்த நாடு என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. தங்கை பிள்ளைகள் ‘காலை’, ‘தம்பி’ என்று தொடங்கும்போது மூச்சே வருவதில்லை. பிரெஞ்சிலும் அப்படித்தானாமே, தகரத்தைப் பல்லில்தான் வைக்கிறார்கள். ஆனால் ரகரம் தொண்டையில் போய் உட்கார்ந்துவிட்டது. ‘வாருங்கள் மாமா’ என்றால் தொண்டையைச் செருமுகிறார்களோ என்று இருக்கும். ஓஸ்லோப் பிள்ளைகளின் டகரமும் ணகரமும் எங்கள் அம்மா உச்சரிப்பு மாதிரியே இருக்கின்றன, மூச்சு மட்டும் என் பிள்ளைகளைப் போல வருகிறது. லண்டன் பிள்ளைகளைப் பற்றிக் கேட்காதீர்கள், ‘பாட்டி’யின் நடுவில் டகரமே இல்லாமல் தொண்டையில் ஒரு சிறு வெட்டு மட்டும் கேட்கும் நாட்களும் உண்டு.

நோர்வே மொழியில் நம்மைப் போல நாக்கை மடிக்கும் ஒலிகள் இருக்கின்றனவா? இல்லை, அண்ணன் வீட்டில்தான் கூடுதல் கண்டிப்பா?

பதில்: நுனிநா

இருக்கின்றன. ஓஸ்லோவைச் சுற்றியுள்ள கிழக்கு நோர்வேப் பேச்சில் ரகரத்தை அடுத்து டகரமோ னகரமோ வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே வளைநா ஒலியாகிவிடும். மேற்கே பெர்கன் நகரத்தில் ரகரம் தொண்டைக்குப் போய்விட்டதால் அங்கே இது கிடையாது. அண்ணன் பெர்கனில் குடியேறியிருந்தால் டகரத்துக்கு இந்தத் துணை கிடைத்திருக்காது. கண்டிப்பின் பங்கை அண்ணன் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

‘பல்லி’ என்று எழுதியிருந்த பெண்ணின் பதிலை இரண்டு முறை படித்தேன். பன்மையையே தவிர்த்தேன் என்பது என்னைத் தூங்கவிடவில்லை, அம்மா.

ழகரத்தையும் ரகரத்தையும் பற்றி நுனிநா எழுதியதற்கு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். தொல்காப்பியப் பிறப்பியலில் இந்த இரண்டுக்கும் ஒரே நூற்பாதான்: ‘நுனிநா அணரி அண்ணம் வருட, ரகார ழகாரம் ஆயிரண்டும் பிறக்கும்.’ நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தடவுவதால் இரண்டும் பிறக்கும் என்று பொருள். லகர ளகரங்களைத் தொல்காப்பியர் அடுத்த நூற்பாவில் வேறாக வைத்திருக்கிறார். ழகரத்தை ளகரத்தோடு குழப்பும் மாணவர்களையே பார்த்த எனக்கு, ரகரத்தோடு குழப்பும் பிள்ளையைப் பற்றிப் படித்தபோதுதான் அவர் ஏன் இவற்றை ஒன்றாக வைத்தார் என்று விளங்கியது. நீங்கள் புனைபெயரை அங்கிருந்துதான் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கண்டிப்பு பற்றிய என் கருத்தில் பாதியை மட்டும் திரும்பப் பெறுகிறேன்.

பதில்: வாசல்மரம்

எல்லோருக்கும் நன்றி. ஐயாவின் மறுபாதியைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம்.

‘என் காதுக்குத் தெரியும்’ என்று எழுதியிருந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. அதனால் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு வைத்தேன். படம், பட்டம், எடு, எட்டு, பல்லி, பள்ளி, மரம் வருகிற வாக்கியம், மழை வருகிற வாக்கியம் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்ல, அவர்கள் எழுதிவைத்த சீட்டில் சரியானதைத் தொட வேண்டும். மகள் ஒன்றைக்கூட விடவில்லை, நான் வேண்டுமென்றே வேகமாகச் சொன்னபோதும். மகன் எடு, எட்டு வகையில் தடுமாறவே இல்லை. பல்லி, பள்ளியில்தான் சீட்டுகளின்மேல் கை அலைந்தது. பிறகு அவன் தன் பங்குக்கு ‘இப்போது நான் சொல்கிறேன், அம்மா தொடுங்கள்’ என்றான். அவன் சொன்னது எதுவென்று எனக்குத்தான் தெரியவில்லை! ‘எட்டு என்றுதானே சொன்னேன்’ என்று கோபித்துக்கொண்டான். தன் வாயிலிருந்து வந்ததை அவன் எட்டாகவே கேட்கிறான்.

இதிலிருந்து என்ன தெரிந்துகொள்வது? இனி நான் என்ன செய்யலாம்?

பதில்: நுனிநா

நல்ல சோதனை. நாங்கள் இதையே பெரிய செலவில் செய்வோம்.

மகளுக்கு வேறுபாடுகள் உள்ளே முழுதாக இருக்கின்றன. இதற்கு அடித்தளம் எவ்வளவு முன்பே விழுகிறது என்று பாருங்கள்: ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் 1984இல் சோதித்தபோது, ஆங்கில வீட்டுக் குழந்தைகளே ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் பல் தகரத்தையும் வளைநா டகரத்தையும் பிரித்துக் கேட்டார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு மங்கவிடாமல் நீங்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். அது வீணாவதும் இல்லை. சிறுவயதில் ஸ்பானிய மொழியைக் காதால் மட்டும் கேட்டு, பிறகு பேசாமல் வளர்ந்தவர்கள் கல்லூரியில் அதைப் படிக்க வந்தபோது, புதிதாகக் கற்றவர்களைவிட அவர்கள் உச்சரிப்பு தெளிவாக மேலாக இருந்ததை டெரி ஔவும் அவர் குழுவும் 2002இல் காட்டினார்கள். இலக்கணத்தில் அந்த அனுகூலம் தெரியவில்லை, ஒலியில் தெரிந்தது. உங்களவர்கள் கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்கிறார்கள்.

மகனின் ‘எட்டு’ எனக்கு மிகவும் பிடித்தது. அவன் நீளத்தை வேறுபடுத்தத்தான் செய்கிறான் என்று சந்தேகிக்கிறேன். ஆனால் நம் காது எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. 80 மில்லி வினாடிக்கும் 100க்கும் உள்ள வேறுபாடு அவனுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. இது ஊகம்தான், ஒலிப்பதிவு இருந்தால் பார்த்துவிடலாம்.

செய்யக்கூடியவை என்று கேட்டதால். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது இடைமறித்து ஒலியைத் திருத்தாதீர்கள். அவன் சொல்ல வந்தது முதலில் வரட்டும். பதில் சொல்லும்போது அதே சொல்லை நீங்கள் சரியாகப் பயன்படுத்தினால் போதும். மகளுக்கு 14 வயது என்பதால் நேரடியாகவே விளக்கலாம். ‘வாட்டர்’ என்று தன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லி, நடுவில் நாக்கு தட்டும் இடத்தை உணரவைத்து, அதே தட்டோடு ‘மரம்’ சொல்லச் சொல்லுங்கள். மூச்சுக்கும் ஒரு வழி உண்டு. ஆங்கிலத்தில் ஸகரத்துக்குப் பின் வரும் ககரத்தில் மூச்சு வராது. ‘ஸ்கூல்’ சொல்லி, பிறகு ஸகரத்தை மனத்துக்குள் மட்டும் சொல்லி மீதியை வெளியே விட்டால் நம் ‘கூடு’ தொடங்கும் ககரம் வந்துவிடும். ‘ஸ்பூன்’ பகரத்துக்கும் அப்படியே. தகரத்துக்கு இது பயன்படாது, இடமே வேறு.

ஒலிப்பதிவு அனுப்புவதாக இருந்தால் சொற்களைத் தனித்தனியாகச் சொல்லச் சொல்லாதீர்கள். தனியாகக் கேட்டால் எல்லோரும் மேடையில் ஏறியதுபோல் சொல்வார்கள். ‘நான் எட்டு என்று சொன்னேன்’, ‘நான் எடு என்று சொன்னேன்’ என்று ஒரே வாக்கியத்துக்குள் சொல்லை மாற்றி மாற்றி வைத்து, வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றையும் ஐந்து தடவையாவது சொல்லவையுங்கள். போன் மைக் போதும், மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். உங்கள் குரலிலும் ஒரு சுற்று வேண்டும். முடிந்தால் தம்பியின் குரலிலும். அவர் பேச்சு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றும் பார்த்துவிடலாம்.